பங்குனி ஆமைச் சிற்பத்துக்கு எதை வாங்குவது? ஊட்டிக் குளிரில் பசை, டை, கம்பி, ஹீட் கன்

கடலில் சேரும் பிளாஸ்டிக்கை ஊருக்குக் காட்ட, தூக்கியெறிந்த பிளாஸ்டிக்கிலேயே ஒரு கடலாமை செய்து பள்ளி வாசலில் வைக்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஹார்டுவேர் கடைக்குப் போனால் பத்து வகைப் பசை எடுத்துப் போடுவார்கள், நாலு வகை டை (கேபிள் கட்டும் பிளாஸ்டிக் பட்டை) காட்டுவார்கள். சமவெளியில் நின்றது மலையிலும் நிற்கும் என்று நம்பி வாங்கினால் காசு வீண். இங்கே பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், தை மாத விடியலில் புல்மேல் உறைபனி படரும், ஐப்பசியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நாள் கணக்கில் மழை. இந்த மூன்றையும் தாங்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பசையில் பணம் போடாதீர்கள். கருப்பு நைலான் டை, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) கம்பி, கூர்மையான கட்டிங் பிளேயர், இவை மூன்றும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. கை பழகியவர் ஒருவர் இருந்தால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னும் வாங்கலாம்.

அளவு தெரிந்தால்தான் சாமான் கணக்குப் போட முடியும். உயிரளவுப் பங்குனி ஆமையை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து நாகை வரையுள்ள கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிட ஏறுவது இதுதான். ஓடு சுமார் 65 செ.மீ. நீளம், அகலமும் கிட்டத்தட்ட அதேதான். தலை, நான்கு துடுப்பு எல்லாம் சேர்த்து ஓர் ஆள் கை விரித்த இடத்துக்குள் அடங்கும். பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகரில் 2018-இல் 5 டன் பிளாஸ்டிக்கில் நாலு மாடி உயரத் திமிங்கிலத்தை நிறுத்தினார்கள். முதல் சிற்பத்துக்கு அந்த ஆசை வேண்டாம். அளவு கூடக் கூட காற்றின் இழுப்பும் கூடும், கட்டும் செலவு அதைவிட வேகமாக ஏறும்.

சரக்குக்குக் காயலான் கடைதான். ஊட்டி, குன்னூர் காயலான் கடைகளில் கிடைப்பது கடற்கரையில் ஒதுங்குகிற சரக்கு அல்ல. நீலகிரியில் பிளாஸ்டிக் பைத் தடைக்கே இருபது வருஷத்துக்கு மேல் வயதாகிறது, 2019-இல் தண்ணீர் பாட்டிலுக்கும் தடை வந்தது. அதனால் பாட்டில் மூடியை மூட்டையாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். எண்ணெய்க் கேன், பினாயில் பாட்டில், உடைந்த கிரேட், கேரட் தோட்டத்துக் கருப்பு ஓஸ், கழற்றிப் போட்ட பாலிஹவுஸ் (பசுமைக்குடில்) ஷீட், கால் போன நாற்காலி ஆகியவை கிடைக்கும். சிற்பத்துக்கு இது நல்ல சரக்கு. இந்த ஆமைக்கு 20 லிட்டர் எச்.டி.பி.இ. (கெட்டியான பாலிஎத்திலீன்) கேன் இரண்டும், 5 லிட்டர் கேன் நாலைந்தும் போதும். பச்சை, சாம்பல், மங்கின மஞ்சள் நிறமாகப் பார்த்துப் பொறுக்குங்கள். பெயிண்ட் அடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். எச்.டி.பி.இ. மேல் சாதாரண பெயிண்ட் பிடிக்காது. இரண்டு மழையில் செதிள் செதிளாக உரிந்து சாக்கடைக்குத்தான் போகும்.

கேனின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 2 என்றால் எச்.டி.பி.இ., 4 என்றால் எல்.டி.பி.இ. (இளகிய பாலிஎத்திலீன்), 5 என்றால் பி.பி. (பாலிப்ரோப்பிலீன்). இந்த மூன்றும் வேலைக்கு ஆகும். 1 பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 3 பி.வி.சி., 6 பாலிஸ்டைரீன். எண் தேய்ந்திருந்தால் விரல் நகம் அளவு துண்டு வெட்டி, ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவி, வாளித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். சோப்பு எதற்கென்றால், ஒட்டிய காற்றுக்குமிழி மூழ்க வேண்டியதையும் மிதக்க வைத்துவிடும். மேலே வந்தால் 2, 4, 5-இல் ஒன்று. மூழ்கினால் பெட், பி.வி.சி., பாலிஸ்டைரீன் அல்லது நைலான். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேன் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது எச்.டி.பி.இ. அல்ல, வெட்டினால் விரிசல் விடும். பி.வி.சி. பைப்பைச் சூடு காட்டும் வேலைக்கு எடுக்கவே கூடாது. சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், நெஞ்சை அரிக்கும்.

இரண்டு பொருளைக் கண்டிப்பாகத் தவிர்க்கச் சொல்கிறோம். ஒன்று, பூச்சிமருந்துக் கேன். தேயிலை, கேரட் தோட்டங்களில் இது நிறையச் சேரும், காயலான் கடையில் மற்ற கேனோடு கலந்தும் கிடக்கும். மருந்து கேனின் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும், எத்தனை தடவை கழுவினாலும் முழுதாகப் போகாது. குழந்தைகள் கை படும் சிற்பத்தில் அதற்கு இடமில்லை. லேபிள் கிழிந்த கேனில் மருந்து வாடை லேசாக அடித்தாலும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, உரச்சாக்கு. பி.பி. இழையில் நெய்தது. வெயிலில் சில மாதத்திலேயே நாராகப் பிரிந்து பறக்கும்.

சட்டகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, வெல்டிங் பட்டறையில் சொன்னால் செய்து தருவார்கள். ஓட்டின் விளிம்பு வளையத்துக்கும் துடுப்பின் நடுத்தண்டுக்கும் 8 மி.மீ. கம்பி, வளைவுகளுக்கு 6 மி.மீ. கம்பி. 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு சுமார் 400 கிராம், 6 மி.மீ. அதில் பாதியைவிடக் கொஞ்சம் கூட. எல்லாம் சேர்த்து 4 கிலோ சுற்றி வரும். வெல்டிங் கசடைத் தட்டி எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட்டும் எனாமல் இரண்டு கோட்டும் அடித்த பிறகு வாங்குங்கள். மேலே முக்கால் இஞ்ச் கோழி வலை போர்த்திவிட்டால், கேனிலிருந்து வெட்டிய தகடுகளைக் கட்ட எந்த இடத்திலும் டை கோக்கலாம்.

இனி பசை. க்ளூ கன்னை எல்லோரும் கையில் எடுப்பதற்குக் காரணம் அதன் வேகம். மலையில் அந்த வேகமே கெடுதல். உருகி வரும் பசை குளிர்ந்த எச்.டி.பி.இ. மேல் பட்டதும், நன்றாகப் பரவி நனைப்பதற்கு முன்பே இறுகிவிடுகிறது. மேசைமேல் இருக்கும்போது கெட்டியாக ஒட்டியதுபோலத் தெரியும். மறுநாள் காலை கட்டைவிரலால் ஓரத்தை நெம்பினால் டக்கென்று முழுசாகக் கழன்று வரும். கழன்ற பசையின் அடியைத் திருப்பிப் பாருங்கள்: கண்ணாடிபோல வழவழவென்று பளபளக்கும், கேனில் இருந்த கீறல்கூட அச்சாகப் பதிந்திருக்கும். பிளாஸ்டிக்கில் ஒரு துளி பசைகூட மிஞ்சியிருக்காது. குறை பசையில் மட்டும் இல்லை. பாலிஎத்திலீன், பாலிப்ரோப்பிலீன் இரண்டுக்கும் மேற்பரப்பு ஆற்றல் மிகக் குறைவு, அதனால் எதுவும் அவற்றின்மேல் ஒட்டிப் படர்வதில்லை. தண்ணீர் உருண்டு ஓடுகிற பரப்பில் பசையும் உருண்டுதான் ஓடும். உடனடிப் பசைக்கும் இதே கதி. சிலிக்கான் சீலன்ட், பி.வி.சி. சிமென்ட், மரப்பசை எல்லாமே எச்.டி.பி.இ.க்கு வீண் செலவு. உப்புத்தாள் தேய்த்தால் பிடிக்கும் என்று சிலர் சொல்வார்கள். தேய்த்தால் கொஞ்சம் கூடப் பிடிக்கும், நிற்காது. அந்தத் தூள் பிளாஸ்டிக் தூள் என்பதையும் மறக்கக் கூடாது.

பசையும் ஹார்டனரும் கலந்து பூசும் எபாக்சி மட்டும் ஒரு இடத்தில் உதவும்: ஆமையின் கண்ணுக்குப் பெட் பாட்டிலின் அடிப்பாகத்தை வெட்டி ஒட்டும்போது. பெட் மேல் எபாக்சி ஓரளவு நன்றாகப் பிடிக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை ஊட்டியில் நம்ப வேண்டாம். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. 25 டிகிரிக்கு எழுதிய நேரம் 12 டிகிரியில் இரண்டரை மடங்காவது ஆகும். அவசரப்பட்டு ஹார்டனரைக் கூட ஊற்றாதீர்கள். விகிதம் மாறினால் உள்ளே பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

டைக்கு வருவோம். கேபிள் டைதான் இந்த வேலைக்குச் சிறந்தது என்று நாங்கள் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். எச்.டி.பி.இ. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 0.15 மி.மீ. விரியும். உச்சி வெயிலில் கருப்புத் தகடு 45 டிகிரி தொடும், உறைபனி இரவில் சுழியத்துக்கு இறங்கும். கணக்குப் போட்டால் ஒரு மீட்டர் பட்டை ஒரே நாளில் 6, 7 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. அடியில் இருக்கும் இரும்புக் கம்பி அரை மி.மீ.தான் அசையும். இரண்டையும் ஸ்க்ரூ போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் எங்கே போகும்? துளையைச் சுற்றி விரிசல் விட்டு, ஒரு நாள் துண்டாகப் பெயர்ந்துவிடும். பாப் ரிவெட்டும் அப்படியே. ஸ்க்ரூதான் வேண்டும் என்றால் துளையை நீள்வட்டமாக இழுத்து, அகல வாஷர் போட்டு, இறுக்கி முடித்தபின் கால் சுற்று தளர்த்திவிடுங்கள்.

டையில் வெள்ளையை வாங்காதீர்கள். விலை குறைவுதான், ஆனால் வெயில் தாங்காது. கருப்பில் கார்பன் பிளாக் கலந்திருக்கும், அது புறஊதாக் கதிரை உள்ளே விடாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் புறஊதாக் கதிர் பத்து சதவீதம்போலக் கூடும். ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. சமவெளியில் இரண்டு வருஷம் நின்ற வெள்ளை டை இங்கே அதற்கு முன்பே பொடியும். கருப்பாக இருப்பதெல்லாம் வெயில் தாங்கும் என்றும் இல்லை. வெறும் சாயம் ஏற்றியதும் கடையில் உண்டு. ‘யு.வி.’ என்று பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளவு: தகடுகளுக்கு 4.8 மி.மீ. அகலம், 200 மி.மீ. நீளம். இது 22 கிலோ இழுப்பைத் தாங்கும். துடுப்பின் தண்டுக்கு 7.6 மி.மீ. எடுங்கள், 54 கிலோ தாங்கும். 2.5 மி.மீ. பொம்மை வேலைக்குத்தான். ஓட்டுக்கு மட்டும் 180-க்கு மேல் டை போகும், தலையும் துடுப்பும் சேர்த்தால் 300. நூறு எண்ணிக்கைப் பாக்கெட் நாலு வாங்குங்கள். பாக்கெட்டைத் திறந்து அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ வைக்காதீர்கள். நைலானுக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் வளையும். தை, மாசியின் வறண்ட குளிரில் ஈரம் போய், இழுக்கும்போதே தலை தெறிக்கும். அப்படித் தெறிக்கிற பாக்கெட்டைக் குப்பையில் போட வேண்டாம். டையை ஒரு ராத்திரி ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும்.

துளை 6 மி.மீ., தகட்டின் ஓரத்திலிருந்து குறைந்தது 10 மி.மீ. உள்ளே. ட்ரில் போட்டால் சுருள் சுருளாகப் பிசிறு பறக்கும். அதைவிடப் பழைய சால்டரிங் அயனால் குத்துவதே மேல்: பிசிறு இல்லை, துளையின் விளிம்பு உருகித் திரண்டு வளையமாக நிற்கும், விரிசலும் எளிதில் தொடங்காது. ஜன்னல் திறந்து வைத்துச் செய்யுங்கள். டையை இறுக்கியதும் தலைப்பகுதியை வலைக்கு உள்பக்கமாகத் திருப்பிவிட்டு, வாலை ஒட்ட நறுக்குங்கள். அரை மி.மீ. மிஞ்சினாலும் பிளேடு மாதிரி கையைக் கிழிக்கும். நறுக்கிய வால் முந்நூறும் ஒரு டப்பாவில் விழ வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

தகடு வெட்டும்போது ஒரு விஷயம். இணையத்தில் கிடைக்கும் ஆமை வரைபடங்களில் பல, பேராமை என்ற வேறு கடலாமையினுடையவை, அதன் ஓட்டில் பக்கத்துக்கு நான்கு தகடுதான். பங்குனி ஆமைக்குப் பக்கத் தகடு பொதுவாக ஆறு முதல் ஒன்பது வரை. இடப்பக்கம் ஆறும் வலப்பக்கம் ஏழும் இருந்தாலும் தப்பில்லை, நிஜ ஆமையிலும் அப்படித்தான் வரும். விளிம்புச் சிறு தகடுகளையும் சேர்த்தால் நாற்பத்தைந்து துண்டுபோல வரும். மேல் தகடு கீழ்த் தகட்டின்மேல் ஒரு விரல் ஏறி நிற்கட்டும், கூரையில் ஓடு ஏறுவதுபோல. மழைநீர் உள்ளே தங்காது.

கம்பியில் கட்டுக்கம்பி வேண்டாம். கட்டடக்காரர்கள் பயன்படுத்தும் அந்தக் கருப்புக் கம்பி ஒரே மழைக்காலத்தில் துரு ஒழுகவிடும். 18 கேஜ் ஜி.ஐ. போதும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பி இன்னும் நல்லது, விலை பல மடங்கு. கோவையிலிருந்து வரவழைக்கும் அளவுக்கு இங்கே அவசியமில்லை. உப்புக்காற்று அடிக்கும் கடற்கரையில் வைப்பதாக இருந்தால் எஸ்.எஸ். மட்டும்தான்.

ஹீட் கன் நல்ல கருவி, ஆனால் எல்லோருக்கும் அல்ல. 2000 வாட் கன் 230 வோல்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். வகுப்பறையின் 6 ஆம்பியர் ப்ளக்கில் மாட்டினால் சாக்கெட் கருகும். 16 ஆம்பியர் பாயின்டும் தடித்த எக்ஸ்டென்ஷன் ஒயரும் வேண்டும். இரண்டு சூட்டு நிலை போதும், கோன் வடிவ நாசில் கட்டாயம் வேண்டும். துடுப்பு வளைக்க இதற்கு மாற்று இல்லை. எச்.டி.பி.இ. சுமார் 130 டிகிரியில் உருகும், அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தளர்ந்து தொங்கும். அந்த நேரத்தில் தோல் கையுறையோடு எடுத்து உருண்டைக் கல்மேல் போட்டு அழுத்தி, ஆறும்வரை விடாமல் பிடிக்க வேண்டும். ஆறும்போது இரண்டு, மூன்று சதவீதம் சுருங்கும். பாதியில் விட்டால் முறுக்கிக்கொள்ளும்.

இரண்டு துண்டை இணைக்க, அதே கேனிலிருந்து 4 மி.மீ. பட்டை வெட்டி நிரப்பியாக உருக்குங்கள். வெள்ளைக் கேனில் பழகுவது எளிது. பால்வெள்ளையாக இருந்த இடம் சட்டென்று கண்ணாடியாகத் தெளியும், பின்னால் இருக்கும் விரல்கூடத் தெரியும். அந்த நொடியில் பட்டையை அழுத்த வேண்டும். இன்னும் காட்டினால் பழுத்து, புகைந்து, ஓட்டை விழும். எச்.டி.பி.இ.யோடு பி.பி. சேரவே சேராது. ஒட்டியதுபோல நின்று, ஆறியதும் பிரியும். மூடியில் கோளாறு வருவது பெரும்பாலும் இதனால்தான்: ஒரே நிற மூடிகளில் சில எச்.டி.பி.இ., சில பி.பி. திறந்த வெளியில் செய்யாதீர்கள். மலைக்காற்று ஒரு வீச்சில் இணைப்பைக் குளிரவைத்துவிடும். இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்த அறை சரி. குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது.

பெட் பாட்டிலுக்கு ஹீட் கன்கூட வேண்டாம், வெந்நீர் போதும். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பெட் தளரத் தொடங்குவது 75 டிகிரி வாக்கில், ஆகவே பாதகமில்லை. பாட்டிலைச் சுருள் நாடாவாக வெட்டி இடுக்கியால் பிடித்து முக்கினால் நாடா நெளிந்து சொறிமீனின் இழைபோலச் சுருண்டு நிற்கும். ஆமையின் வாயில் கொடுக்க இதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை.

ஆமையின் கழுத்தில் வலை சுற்றிக் காட்ட விரும்புவோர் ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து பழைய மீன்வலைத் துண்டு வாங்கலாம். வந்ததும் உப்பு போக நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். உப்பு ஒட்டிய வலையை மாடு நக்கும், மெல்லவும் செய்யும். ஊட்டித் தெருவில் நாட்டு மாடு, குன்னூர், கோத்தகிரியில் காட்டு மாடே வாசல்வரை வரும். வலையைத் தளர்வாகத் தொங்கவிடவும் கூடாது. ஒவ்வொரு கண்ணும் ஓட்டோடு ஒட்டிக் கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் குருவி சிக்கும். எண்ணெய்க் கேனைச் சூடான சோப்புத் தண்ணீரில் பிசுக்கு போகும்வரை கழுவுங்கள். விளக்கில் ஊற்றும் எண்ணெயைத் தேடிக் கோயிலுக்குள் கரடி நுழையும் ஊர் இது. கழுவிய தண்ணீரைத் துணியில் வடிகட்டிய பிறகே ஊற்றுங்கள்.

வைக்கும் இடத்தில் எங்களுக்கு ஒரே கருத்துதான்: கூரைக்குக் கீழே. தாழ்வாரம், நுழைவு மண்டபம் எதுவானாலும் சரி. திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும் என்றால் சாக்கடை ஓரம் வேண்டாம், கான்கிரீட் மேடையில் நாலு போல்ட் போட்டு இறுக்குங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, மழைக்கு முன்னும் பனிக்கு முன்னும், தகட்டைக் கருப்புத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளைப் பொடி ஒட்டினால் அந்தத் தகடு பொடியத் தொடங்கிவிட்டது, உடனே மாற்ற வேண்டும். எண்ணெய்க் கேனில் பாலிஹவுஸ் ஷீட்போல வெயில் தாங்கும் மருந்து கலந்திருக்காது. மாற்றாமல் விட்டால், குன்னூர்ப் பக்கமென்றால், அந்தப் பொடி குன்னூர் ஆற்றில் இறங்கி, மேட்டுப்பாளையத்துப் பக்கம் பவானியில் சேர்ந்து, பவானிக் கூடுதுறையில் காவிரியைப் பிடித்து, பூம்புகார்க் கடலுக்குப் போகும். அது நாமே சேர்த்துவிட்ட குப்பை. டையில் கட்டியிருந்தால் ஒரு தகட்டை மாற்ற ஐந்து நிமிஷம். வெட்டினோம், மாற்றினோம், கட்டினோம். உருக்கி இணைத்த இடமென்றால் அறுக்க வேண்டும். டையை நாங்கள் முதலிடத்தில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயர்ப்பலகைக்கு ஃப்ளெக்ஸ் அடிக்காதீர்கள், அதுவும் பி.வி.சி.தான். தகரத்தில் எனாமலால் எழுதச் சொல்லுங்கள், அல்லது மரப்பலகையில். ஆற்றின் வழியை ஒரு கோட்டுப் படமாகப் போட்டால் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். எண் வேண்டுமென்றால் ஒன்று போதும்: 2010-ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குப் போன பிளாஸ்டிக் 48 லட்சம் முதல் 127 லட்சம் டன் வரை என்பது 2015-இல் வந்த ஆய்வின் மதிப்பீடு. எழுத்து இரண்டு விரல் உயரத்துக்குக் குறையக் கூடாது. மூடுபனி நாளில் அதற்குச் சின்னதாக இருந்தால் தள்ளி நின்று படிக்க முடியாது.